சம்பளக்காரரின் சேமிப்பும் அரசின் அறிவிப்புகளும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இந்தியாவில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருடைய சேமிப்பு எவ்வளவு வளரும் என்பது அவருடைய சிக்கனத்தை மட்டும் பொறுத்ததல்ல. ஒவ்வோர் ஆண்டும் வழக்கமாகப் பிப்ரவரி முதல் நாள் வாசிக்கப்படும் பட்ஜெட் வரியை மாற்றுகிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு, கடனுக்கும் வைப்புக்கும் அடிப்படையான ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியை, மாற்றுகிறது. நிதி அமைச்சகம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அஞ்சலகச் சேமிப்புகளின் வட்டியை அறிவிக்கிறது. இவற்றில் எது எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. தொலைக்காட்சியில் அப்படிச் சொல்பவர்களாலும் முடியாது. நம்மால் செய்யக்கூடியது, எந்த அறிவிப்பு நம்முடைய எந்தக் கணக்கைத் தொடும் என்பதைத் தெரிந்துகொண்டு, எது மாறினாலும் குடும்பத்தின் திட்டம் குலையாதபடி பணத்தைப் பிரித்து வைப்பதுதான். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்களை மனத்தில் வைத்து, அதற்கான வழியைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: சம்பளச் சீட்டை வாசித்தல்

பலரும் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையை மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் சம்பளச் சீட்டில் உள்ள வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம்தான் பெரும்பாலானோருக்கு முதல் நீண்டகால முதலீடு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 12 சதவீதமான 1,800 ரூபாய் நம் பங்காகப் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் 1,800 ரூபாய் போடுகிறது. ஆனால் அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குச் சென்றுவிட, மீதி 550 ரூபாய் மட்டுமே நம் வைப்பு நிதிக் கணக்கில் சேரும். பாஸ்புக்கைப் பார்த்து, ‘கம்பெனி போட வேண்டிய பணம் குறைகிறதே’ என்று பதறுபவர்களுக்கு விடை இதுதான். 2014 செப்டம்பருக்குப் பின் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியப் பங்கு பிரிவதில்லை. நிறுவனத்தின் பங்கு முழுவதும் வைப்பு நிதிக்கே செல்லும்.

இந்த நிதிக்கு 2023-24, 2024-25 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் 8.25 சதவீத வட்டி வழங்கப்பட்டது. வங்கி வைப்பில் இவ்வளவு வட்டி கிடைப்பது அரிது. ஆகவே வேலை மாறும்போது கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடாமல், வைப்பு நிதிக்கென ஒருவருக்கு ஒன்றாக வழங்கப்படும் அதே யூஏஎன் எண்ணின் கீழ்ப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மொத்தம் ஐந்தாண்டுப் பணிக்காலம் நிறைவதற்குள் எடுத்தால் அந்தத் தொகைக்கு வரியும் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வேலை மாறியவர்களில் பலருடைய பழைய கணக்குகள் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாலோ பிறந்த தேதி பொருந்தாமையாலோ அப்படியே நின்றுபோயிருக்கும். ஆதாரில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்பதைப் பணியில் சேர்ந்த முதல் மாதமே பார்த்துவிடுவது, பத்தாண்டு கழித்து அலுவலகம் அலுவலகமாக அலைவதைத் தவிர்க்கும்.

பிடித்தம் போக வரும் பணத்தில் வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று மூன்று மாதம் குறித்துப் பாருங்கள். மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றிருந்தால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வரும் நாளிலேயே சேமிப்புத் தொகை வேறு கணக்குக்குத் தானாகச் செல்லும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுவதே நடைமுறையில் நிலைக்கிறது.

இரண்டாம் படி: அவசர நிதியும் காப்பீடும்

ஆறு மாதச் செலவுக்கான தொகையை எந்நேரமும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். சேமிப்புக் கணக்கும் குறுகிய கால வங்கி வைப்புமே இதற்குப் போதும். இந்தப் பணம் சம்பாதிப்பதற்காக வைக்கப்படுவதில்லை. வேலை போனாலோ வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தாலோ நீண்டகால முதலீட்டில் கைவைக்காமல் இருப்பதற்காக வைக்கப்படுவது.

கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டுச் சிறிய வங்கியில் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கி முடங்கினால் வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை மட்டுமே தரும். 2020 பிப்ரவரி வரை இந்த உச்சவரம்பு 1 லட்சமாகவே இருந்தது. ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் சேர்த்து ஒரு கணக்காகவே கொள்ளப்படும். கூட்டுறவு வங்கிகளில் பெரும்பாலானவற்றுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. நிதி நிறுவனங்களிலும் தனியார் ‘டெபாசிட்’ திட்டங்களிலும் இல்லை.

காப்பீட்டில் இரண்டே தேவை. உங்கள் வருமானத்தை நம்பி யாராவது இருந்தால் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. எல்லோருக்கும் ஒரு மருத்துவக் காப்பீடு. நிறுவனம் தரும் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் தனியாக ஒன்று வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின்மீது இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் விசாரித்து, ‘விலை அதிகம்’ என்று ஒதுக்கியவர்கள் மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: கடனை ஒழுங்குபடுத்துதல்

கிரெடிட் கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு முதலீட்டைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஆண்டுக்கு 36 சதவீதத்தைத் தாண்டக்கூடிய அந்த வட்டியை எந்த முதலீடும் ஈடுகட்டாது. முதலில் அதை அடைத்துவிடுங்கள். தனிநபர் கடன் அடுத்தது.

வீட்டுக்கடன் வேறு வகை. அரசின் கொள்கை ஒரு குடும்பத்தை மிக நேரடியாகத் தொடுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் வழங்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. 2020 மே மாதம் கொரோனா முடக்கத்தின்போது ரெப்போ 4 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. பிறகு விலைவாசி ஏறியதும் 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்கு ஏற்றப்பட்டது. ஒன்பது மாத இடைவெளியில் இரண்டரை சதவீதப் புள்ளிகள்.

இதைக் கணக்காகப் பாருங்கள். 30 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டு, வட்டி 7 சதவீதம் என்றால் மாதத் தவணை 23,259 ரூபாய். வட்டி 9.5 சதவீதம் ஆனபின் அதே 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். அதாவது பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அது வட்டிக்கே போதாது. கடன் குறைவதற்குப் பதில் மாதாமாதம் ஏறும். தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டித்துக்கொண்டே போன வங்கிகளில் பலருடைய கடன் ஓய்வுபெறும் வயதைத் தாண்டிச் சென்றது இப்படித்தான். இருபது ஆண்டிலேயே கடனை முடிக்க வேண்டுமானால் தவணை 27,964 ரூபாய் ஆக வேண்டும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதை வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025இல் ரெப்போ மீண்டும் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25 சதவீதத்தை அடைந்தது.

இதிலிருந்து புதிதாக வீட்டுக்கடன் வாங்குபவர் செய்ய வேண்டியவை சில. வங்கி இன்று சொல்லும் வட்டியோடு 2.5 சதவீதம் கூட்டித் தவணையைப் போட்டுப் பார்த்து, அதையும் தாங்க முடியுமானால் மட்டுமே அந்த அளவு கடனை வாங்குங்கள். வட்டி குறையும்போது தவணையைக் குறைக்கச் சொல்லாமல் பழைய தவணையையே தொடருங்கள். அசல் வேகமாகக் கரையும். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் விதிக்கக் கூடாது என்பது 2012 முதலே இருக்கும் விதி என்பதால், போனஸ் வரும்போது ஒரு பகுதியை அசலில் போடலாம். 2019க்கு முன் வாங்கிய பழைய கடனாக இருந்தால் அது எந்த அளவுகோலில் இருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். ரெப்போ குறைந்ததாகச் செய்தி வந்தும் உங்கள் வட்டி அசையாமல் இருந்தால், பெரும்பாலும் பழைய முறையிலேயே விட்டுவைத்திருப்பார்கள். சிறு கட்டணத்தில் மாற்றிக்கொள்ள முடியும்.

நான்காம் படி: நிலையான வருமானப் பகுதி

இங்கே புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் வேறுபாடு, வட்டி பூட்டப்படும் திட்டங்களுக்கும் பூட்டப்படாத திட்டங்களுக்கும் உள்ளது. வங்கி நிரந்தர வைப்பு, அஞ்சலகத்தின் தேசியச் சேமிப்புப் பத்திரம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றில் நீங்கள் பணம் போடும் நாளில் உள்ள வட்டி முதிர்வு வரை மாறாது. பொது வருங்கால வைப்பு நிதி எனப்படும் பிபிஎஃப், செல்வமகள் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றில் அப்படியில்லை. அரசு வட்டியைக் குறைத்தால், பத்தாண்டுக்கு முன் போட்ட பணத்துக்கும் அன்றிலிருந்து குறைந்த வட்டிதான்.

பிபிஎஃப் வரலாறே இதற்குச் சாட்சி. 1986 முதல் 2000 வரை அதன் வட்டி 12 சதவீதம். பிறகு மளமளவென்று இறங்கி 2003இல் 8 ஆனது. 2016 ஏப்ரல் முதல் காலாண்டுதோறும் மாற்றியமைக்கும் முறை வந்தது; 2020 ஏப்ரலில் 7.1 ஆகிப் பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2021 மார்ச் 31ஆம் தேதி மாலை, அதை 6.4 சதவீதமாகக் குறைத்து அறிவிப்பு வெளியாயிற்று. மறுநாள் காலை, கவனக்குறைவால் வெளியான உத்தரவு அது, திரும்பப் பெறப்படும் என்று நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மேற்கு வங்கத்திலும் அசாமிலும் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த நேரம் அது. தமிழகத் தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. சிறுசேமிப்பு வட்டியை நிர்ணயிப்பதில் சந்தைக் கணக்கோடு அரசியல் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

வட்டி குறைந்துவிட்டது என்பதாலேயே பிபிஎஃப் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. அரசின் உத்தரவாதம் உண்டு. பதினைந்து ஆண்டு பூட்டியிருப்பதால் எளிதில் எடுத்துச் செலவழிக்க முடியாது. ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய் போடலாம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குப் பின் மாத முடிவு வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால் 5ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். 6ஆம் தேதி போட்டால் அந்த மாத வட்டி போயிற்று. கணக்கை இப்போதே சிறு தொகையில் தொடங்கிவைத்தால் பதினைந்து ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்பது இன்னொரு வசதி.

பணவீக்கத்தைக் கழிக்காமல் எந்த வட்டியையும் மதிப்பிட முடியாது. நுகர்வோர் விலை உயர்வை 4 சதவீதத்தில், கூடவோ குறையவோ 2 சதவீத எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற இலக்கு 2016இல் ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி விதிக்கப்பட்டது. இருந்தும் 2020-21 நிதியாண்டில் சராசரி விலை உயர்வு 6.2 சதவீதமாக இருந்தது. பெரிய வங்கிகள் ஓராண்டு வைப்புக்கு 5 சதவீதத்தை ஒட்டியே வட்டி கொடுத்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டில் வைப்பில் பணம் வைத்திருந்தவர், வரி கட்டும் முன்பே, வாங்கும் சக்தியில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழந்தார். பாஸ்புக்கில் தொகை கூடியிருந்ததால் இழப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. வட்டி வருமானத்தை நம்பி வாழும் ஓய்வுபெற்ற பெற்றோர் வீட்டில் இருப்பவர்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள்.

எல்லாப் பணத்தையும் ஒரே நாளில் ஒரே முதிர்வுக்குப் போடாமல், ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று பிரித்துப் போடுவது இதற்கு ஓரளவு பரிகாரம். வட்டி ஏறினால் முதிரும் பகுதி புதிய வட்டிக்குப் போகும்; இறங்கினால் நீண்ட பகுதி பழைய வட்டியில் பூட்டியிருக்கும். இன்னும் நீண்ட காலத்துக்குப் பூட்ட நினைப்பவர்கள், 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ரீட்டெயில் டைரக்ட் தளத்தில் மத்திய அரசுக் கடன் பத்திரங்களை இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக வாங்கலாம். ஆனால் முதிர்வுக்கு முன் விற்க நேர்ந்தால், இடையில் வட்டி ஏறியிருக்கும் பட்சத்தில், பத்திரத்தின் விலை இறங்கியிருக்கும்.

ஐந்தாம் படி: பங்கு சார்ந்த நீண்டகால முதலீடு

ஏழு ஆண்டுகளுக்குள் தேவைப்படாது என்று உறுதியாகத் தெரிந்த பணம் மட்டுமே இங்கே வரலாம். ஏழு என்பது நானாகச் சொல்லும் எண் என்றாலும் காரணம் இருக்கிறது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்கும் கீழே போய்வந்தது. 2010 நவம்பரில் பழைய உயரத்தை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு மறுபடி இறங்கியது. அதை உறுதியாகத் தாண்ட 2013இன் இறுதிவரை ஆயிற்று. மாறாக, ஊரடங்கு அறிவிப்பின்போது 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,935 புள்ளிகள் சரிந்து 25,981இல் முடிந்த அதே குறியீடு, 2021 செப்டம்பரில் 60,000ஐத் தாண்டியது. முதல் சரிவுக்கும் இரண்டாம் சரிவுக்கும் இடையே மீட்சிக் காலத்தில் இருந்த இந்த வேறுபாட்டை எந்த நிபுணரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆகவே காத்திருக்கக்கூடிய பணமே இங்கே சரி.

தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 போன்ற குறியீட்டை அப்படியே பின்தொடரும் மியூச்சுவல் ஃபண்டான ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில், மாதாமாதம் ஒரே தொகை போடும் எஸ்ஐபி முறையில் போடுவது. பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் கேஒய்சி முடித்து, ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே தொடங்கிவிடலாம். அங்கே ‘டைரக்ட்’, ‘ரெகுலர்’ என்று இரண்டு தேர்வுகள் காட்டும். 2013 ஜனவரி முதல் எல்லாத் திட்டங்களிலும் டைரக்ட் வகை கட்டாயம். ரெகுலரில் முகவருக்கான கமிஷன் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பணத்திலிருந்தே கழியும்.

கமிஷன் ஒரு சதவீதம்தானே என்று தோன்றலாம். மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டு போட்டால் மொத்தம் நீங்கள் போட்டது 24 லட்சம். ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் கையில் ஏறத்தாழ 76.6 லட்சம், 9 சதவீதம் வளர்ந்தால் 67.3 லட்சம். வித்தியாசம் 9 லட்சத்துக்கு மேல். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இருபது ஆண்டு கழித்து வரும் அந்த 76.6 லட்சம் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 24 லட்சம்தான். கோடியில் கனவு காட்டும் விளம்பரங்கள் இந்த வரியை விட்டுவிடும். மேலும் 10 சதவீதம் என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். யாரும் உறுதி தந்ததல்ல. சம்பளம் உயரும்போதெல்லாம் எஸ்ஐபி தொகையையும் உயர்த்துபவருக்கே இந்தத் திட்டம் உண்மையில் பயன்படும்.

பங்குகளின் வருங்கால விலையை வைத்து நடக்கும் எதிர்கால, விருப்ப ஒப்பந்த வணிகம், அதாவது எஃப் அண்டு ஓ, முதலீடு ஆகாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியே கணக்கெடுத்து வெளியிட்டது. இதற்குமேல் சொல்ல எதுவுமில்லை.

தங்கமும் சீட்டும்

நம் வீடுகளில் முதல் முதலீடு பெரும்பாலும் நகைதான். அணிவதற்கு வாங்குவது வேறு; சேமிப்பென்று வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் விற்கும்போது திரும்பாது. தங்கத்தின் விலையில் அரசின் கையும் உண்டு: 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டதும் உள்நாட்டு விலை அன்றே சரிந்தது. ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டியோடும் பின்னர் 2.5 சதவீத வட்டியோடும் 2015 முதல் விற்கப்பட்ட அரசுத் தங்கப் பத்திரங்களின் புதிய வெளியீடு 2024 பிப்ரவரிக்குப் பின் வரவில்லை. மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு வரை தங்கம் வேண்டுமென்றால், தங்கத்தின் விலையைப் பின்தொடர்ந்து பங்குபோல் சந்தையில் விற்கப்படும் கோல்ட் இடிஎஃப் வழியாக வாங்கலாம்.

சீட்டைப் பொறுத்தவரை, 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். அந்தச் சட்டப்படி நடத்துநரின் கமிஷன் 7 சதவீதம் வரை இருக்கலாம். ஏலத்தில் யார் எவ்வளவு தள்ளி எடுத்தார், எவ்வளவு கழிவு கிடைத்தது என்று கணக்கிட்டால் இறுதிவரை எடுக்காதவருக்குக் கிடைப்பது வங்கி வட்டியை ஒட்டியே பெரும்பாலும் நிற்கும். மாதம் 5 சதவீதம், 10 சதவீதம் தருகிறோம் என்று மண்டபம் பிடித்துக் கூட்டம் போடுபவர்களிடம் கணக்கே போட வேண்டாம். முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே தனிச் சட்டம் வந்தும், 2019இல் மத்திய அரசு ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்தும், ஏமாந்தவர்கள் மனுவோடு வரிசையில் நிற்பது ஓயவில்லை.

ஆறாம் படி: வரிச்சலுகைக்காக எதையும் வாங்காதிருத்தல்

ஜனவரி, பிப்ரவரியில் அலுவலகங்கள் வரிச்சலுகை ஆவணங்களைக் கேட்கும். அந்த இரண்டு மாதங்களில்தான் முகவர்கள் வரவேற்பறையில் விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். குறிப்பிட்ட சேமிப்புகளை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தந்த 80சி பிரிவின் 1.5 லட்ச வரம்பை நிரப்புவதற்காக, ஒரு மதிய இடைவேளையில், காப்பீடும் சேமிப்பும் கலந்த இருபதாண்டு எண்டோமென்ட் பாலிசியில் கையெழுத்திட்டவர்கள் ஏராளம். பிறகு 2020இல் புதிய வரி முறை வந்தது. 2023-24 முதல் அதுவே இயல்பு முறையானது. 2025 பட்ஜெட்டில் அந்த முறையின் கீழ் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்றாயிற்று. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக் கழிவையும் சேர்த்தால் 12.75 லட்சம். இந்த முறையில் 80சி கழிவு கிடையாது. சலுகை பயனற்றுப்போயிற்று, பாலிசியும் அதன் தவணையும் மட்டும் தொடர்கின்றன.

சலுகையைத் தந்த அரசுக்கு அதை மாற்றவும் அதிகாரம் உண்டு. பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு 2004 முதல் வரி இல்லாமல் இருந்தது. 2018 பட்ஜெட்டில் 10 சதவீதம் வந்தது. 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை ஆதாயத்துக்கு விலக்கு இருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன் சார்ந்த ஃபண்டுகளின் ஆதாயம் சாதாரண வருமானமாகவே கொள்ளப்படுகிறது. வரிச்சலுகை அறவே இல்லாவிட்டாலும் இதை வாங்குவேனா என்று கேட்டுப் பார்த்து, ஆம் என்ற பதில் வந்தால் மட்டும் வாங்குவதே என் வழக்கம். ஒரு நுணுக்கம்: 12 லட்சம் வரை வரியில்லை என்னும் தள்ளுபடி, பங்கு ஆதாயம் போன்ற தனி விகித வருமானத்துக்குப் பொருந்தாது. எல்லாம் வரியற்றது என்று நினைத்துக் கணக்குத் தாக்கல் செய்து நோட்டீஸ் வாங்கியவர்கள் உண்டு.

ஏழாம் படி: அறிவிப்பு வரும்போது என்ன செய்வது

பட்ஜெட் நாளிலும் ரெப்போ அறிவிப்பு நாளிலும் எதையும் வாங்கவோ விற்கவோ வேண்டாம். அந்த நாள்களில் செய்ய வேண்டியது வாசிப்பதுதான். ரெப்போ மாறினால் வீட்டுக்கடன் வட்டி அடுத்த மூன்று மாதங்களுக்குள் மாறுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரெப்போ இறங்கத் தொடங்கியிருந்தால், முதிரப்போகும் வைப்பை நீண்ட காலத்துக்குப் புதுப்பிப்பதைப் பற்றி யோசியுங்கள். பட்ஜெட்டில் வரி விகிதம் மாறினால், ஏப்ரலில் நிறுவனம் எந்த வரி முறை என்று கேட்கும்போது இரண்டு முறையிலும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத் தெரிவியுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், மொத்தச் சேமிப்பில் பங்கு எவ்வளவு, நிலையான வருமானம் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். பாதிக்குப் பாதி என்று முடிவு செய்திருந்தால், சந்தை ஏறிப் பங்கின் விகிதம் 60 சதவீதம் ஆகியிருக்கலாம். அப்போது புதிதாகப் போடும் பணத்தை நிலையான பக்கம் திருப்பினாலே போதும். விற்று வரி கட்டத் தேவையில்லை. சந்தை சரிந்திருந்தால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

கடைசியாக, தாள்கள்

எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் அப்பா பெயரே இருந்துகொண்டிருக்கும். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர, பொதுவாக அதன் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை; சட்டப்படியான வாரிசுகளுக்கே அது சேரும். பங்குகள் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை உறுதிசெய்தது. குறிப்பிட்ட ஒருவருக்கே சேர வேண்டுமென்றால் உயில் எழுத வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்கினால் அது செல்லும். பதிவு செய்வது நல்லது, கட்டாயமில்லை. கணக்கு எண்கள், பாலிசி எண்கள், யூஏஎன் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.